தின்னு காட்டினவரு

திருவனந்தபுரத்துல அந்தக் காலத்துல ஒரு மனுஷனுக்குத் தெருவுல உக்காந்து சாப்பிடுகதுதான் உத்தியோகம். இப்ப சொன்னா யாரும் நம்பமாட்டாங்க. நான் அவருக்கு வண்டி ஓட்டினவன், நான் நம்பித்தான ஆகணும்.

யுத்த காலம். பர்மாவுல இருந்து வந்துக்கிட்டிருந்த அரிசி நின்னு போச்சு. நம்ம சமஸ்தானத்துல வெளையுக நெல்லு நமக்கே காணாது. நாஞ்சில் நாட்டு நெல்லு பாதி வயித்துக்கு உண்டும், மிச்சம் கப்பல்ல வரணும். கப்பல் நின்னா என்ன செய்ய? ஆரியசாலையில பெரிய பெரிய அரிசி மண்டி, அம்பிட்டும் நம்ம ஆளுக கடைதான், மூடை அடுக்கின எடத்துல பூனை குட்டி போட்டுக் கெடந்துது. நாங்க அந்தச் சந்துல அப்பா காலத்துல இருந்து வண்டி அடிச்சுப் பொழச்சவங்க. மூடை இல்லேன்னா வண்டிக்காரனுக்கு என்ன சோலி? ஆனா மாடு வைக்கோல் கேக்கும். அதுக்கிட்ட போயி யுத்தம்னு சொல்ல முடியுமா. எனக்கு அப்ப ஒத்த மாடு, மயிலை. நல்ல மாடு. பாதி வழியில நின்னு யோசிக்கும், அது ஒண்ணுதான் கொறை.

அப்பத்தான் முனிசிப்பாலிட்டியில ஒரு ஏற்பாடு செஞ்சாங்க. ஊருக்குள்ள சும்மா கெடக்குற எடத்துல எல்லாம் மரச்சீனி, அதான் மரவள்ளிக் கிழங்கு, நடணும், சேனையும் சேம்பும் காய்ச்சில் கிழங்கும் நடணும். மரச்சீனிக் கம்பு, விதைக்கிழங்கு எல்லாம் அவங்களே குடுப்பாங்க. நெடுமங்காட்டுப் பக்கத்துல வெளையுகத வண்டியில கொண்டு வந்து சாலைக்கம்போளச் சந்தையில நியாய வெலைக்கு விக்கணும். எங்கயோ இருந்து வர்ற அரிசிய நம்பிக் கெடக்காம நம்ம மண்ணுல உள்ளதத் தின்னு பொழைக்கப் படிக்கணும்னு பேச்சு. நல்ல பேச்சுதான். தின்னணுமே.

மரச்சீனி தெரியாத ஊரா இது? ஏழைபாழைங்க தின்னுகதுதான். சோறு தின்னுகவங்க வீட்டுல அது அடுப்பேறாது, அம்பிட்டுத்தான். ரேஷன் டிப்போவுல அரிசி கொஞ்சமும் பாக்கிக்குக் கோதம்புங்குற கோதுமையும் போட்டாங்க. அது ஒருத்தருக்கும் கண்ட பழக்கம் இல்ல. எங்க வீட்டுக்காரி அத அரிசி மாதிரி அரிச்சு ஒலையில போட்டுட்டு, கஞ்சி வடிக்கணும்னு சட்டிய எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்துருக்கா. மத்தியானம் ஆச்சு, வெயிலும் சாஞ்சு போச்சு. அது வேகவும் இல்ல, வடியவும் இல்ல. "என்ன எளவு இது, சரல் கல்லா?"ன்னு கேக்கா. பக்கத்து வீட்டுலயும் அதே கத. தெரு முழுக்கப் பொம்பளைங்க ஆளுக்கொரு சட்டிய வச்சுக்கிட்டுக் காத்துக் கெடந்தாங்க.

சொன்னா போதாது, சமைச்சுத் தின்னு காட்ட ஒரு ஆளு வேணும்னு மேல இருக்கப்பட்டவங்களுக்குத் தோணிச்சு. அதுவும் உசந்த ஜாதி ஆளா இருந்தா மத்தவங்களும் தின்னுவாங்கன்னு ஒரு யோசனை. ஆப்பீசுல ஒவ்வொருத்தரையா கேட்டாங்களாம். ஒருத்தருக்கு வயித்து வலி, ஒருத்தருக்கு வீட்டுல விசேஷம். இவரு மட்டும் செரின்னாரு. கரமனை அக்கிரகாரத்து ஆளு. பொஞ்சாதி செத்துப் போச்சு, பிள்ளை இல்ல. அக்கா வீட்டுலதான் இருப்பு. ஒல்லியா, ஒசரமா, கொஞ்சம் கூனல். பேர நான் சொல்லல. ஊருல மரச்சீனிச் சாமின்னாங்க, அவருக்கும் அது தெரியும்.

என் வண்டியில ஒரு செம்புப் பானை, வெறகு, கிழங்கு, தேங்கா, நடுகதுக்குக் கட்டுக் கட்டா மரச்சீனிக் கம்பு. இம்பிட்டும் ஏத்திக்கிட்டுத் தெருத்தெருவாப் போவோம். டிப்போ வாசல்ல வரிசை நிக்கும்லா, அங்ஙன வண்டிய அவுத்துப் போடுவோம். பெட்டியக் கவுத்து அதுல உக்காந்து, கிழங்கு வெந்து தண்ணி வடிச்ச ஒடனே, இலை போட்டு, எல்லாரும் பாக்கத் தின்னுவாரு.

அவரு தின்னுகது ஒரு காட்சி. ஒவ்வொரு துண்டையும் ஒசத்திக் காட்டுவாரு. மொளகரைச்சதுல முக்குவாரு. வாய்க்குள்ள போட்டா சவைக்குற சத்தம் வரிசையில கடைசி ஆளுக்குக் கேக்கும். ஏன் சாமி இம்பிட்டுச் சத்தம்னு ஒரு தரம் கேட்டேன்.

"பின்னாடி நிக்கறவாளுக்குத் தெரியாது, கேட்டியோ. அவாளுக்குக் காதுல விழணும்"னாரு.

சாலைக்கம்போளத்துல மூடை சுமக்குற சுமட்டுக்காரி ஒருத்தி இருந்தா. வாய் பெருசு. அவ ஒரு நாள் கூட்டத்துல நின்னுக்கிட்டுக் கேட்டா: "சாமிக்குச் சம்பளம் உண்டும், தின்னுகாரு. எங்களுக்கு யாரு சம்பளம் தருவா?"

எல்லாரும் சிரிச்சாங்க. இவரு வாயில இருந்தத முழுங்கிட்டு, "சம்பளம் மொத உருண்டைக்குத்தாம்மா. இது என் பசிக்கு"ன்னு அடுத்த துண்ட எடுத்தாரு.

அவளும் சிரிச்சுட்டா. "செரி, எனக்கும் ஒரு துண்டு போடும்"னு கைய நீட்டினா. அன்னைக்குப் பானை காலி.

நடச் சொல்லி வீடு வீடாப் போகும்போதும் அப்படித்தான். வஞ்சியூர்ல ஒரு வக்கீலு வீடு, முன்னால நெறையப் பூச்செடி. அந்த அய்யா வாசல்லயே நிறுத்திட்டாரு. "இங்ஙன கிழங்கு நட்டா வீட்டுக்கு வர்றவங்க என்ன நெனைப்பாங்க?"ன்னாரு. இவரு பதவிசா, "வர்றவாளுக்குச் செம்பருத்தியைப் பரிமாறுங்கோ"ன்னு சொல்லிட்டு, அங்ஙனயே மதில்ல சாஞ்சு ஒரு வெந்த துண்டத் தின்னாரு. வக்கீலுக்குக் கோவம். மழை விழுந்தப்ப நான் அந்தப் பக்கம் போனேன், செம்பருத்திக்குப் பொறத்தால மரச்சீனி தலை நீட்டிக்கிட்டு நின்னுது.

இதெல்லாம் சொல்லும்போது அவரு பெரிய தமாசுக்காரருன்னு தோணும். அப்படி இல்ல. வண்டியில ஏறி உக்காந்தா பேச்சே கெடையாது. பாதி வழி மயிலைகிட்டதான் பேசுவாரு. ஊருக்கு முன்னால அப்படிச் சத்தம் போட்டுத் தின்னுக மனுஷன் வீட்டுல எப்படித் தின்னாருன்னு பாத்தவன் நான் ஒருத்தன்தான்னு நெனைக்கேன். அதச் சொல்லணும்னா மொதல்ல வண்ணாத்தெருக் கதையச் சொல்லணும்.

கிள்ளியாத்துப் பக்கம் துணி வெளுக்குற ஆளுக கொஞ்சம் வீடு. அங்ஙன போயி வழக்கம் போலத் தின்னு காட்டினாரு. ஒரு கெழவி, முதுகு வளஞ்சு போச்சு, அவ சொன்னா: "சாமி கொண்டு வந்தத சாமி தின்னுகாரு. அது சாமி வீட்டுக் கிழங்கு. எங்க வீட்டுல நாங்க அவிச்சத சாமி தின்னுவாரா?"

அவ வீட்டுக்குள்ள போயி ஒரு தட்டுல ரெண்டு துண்டு கொண்டாந்து நீட்டினா. கேட்டுட்டாளே தவிர, பயம். அந்தக் காலம் அப்படி. வேற ஒருத்தருன்னா அங்ஙன அடி விழுந்துருக்கும். இவரு அவ கையப் பாத்தாரு, தட்டப் பாத்தாரு. எடுத்து வாயில போட்டாரு. சத்தம் போடாமத் தின்னாரு அன்னைக்கு. "உப்பு ஒரு கல்லு கூட வேணும் பாட்டி"ன்னாரு.

நாங்க கரமனைப் பாலம் ஏறும்முன்ன சேதி அக்கிரகாரத்துக்குப் போயிட்டுது. எப்படிப் போச்சோ. வண்டிய விட வேகமா ஓடுகது அது ஒண்ணுதான்.

மறுநாள் காலையில அவரக் கூப்பிட நான் பின்பக்கமாப் போனேன். முன் தெருவுல வண்டி நிக்கப்பிடாது, ஆத்துப் பக்கம் ஒரு ஊடுவழி உண்டும். பாத்தா மாட்டுத்தொழுவத்துக்கு ஓரமா அவருக்கு இலை போட்டுருக்கு. அக்கா தூர நின்னு பரிமாறுகா. என்னைய அவ பாக்கல.

"தப்பா நெனச்சுக்காதேடா. கல்யாணத்துக்கு ஒரு பொண்ணு நிக்கறா. நாலு பேர் வாயில விழக் கூடாதுன்னு உங்க அத்திம்பேர் சொல்றார்"னா.

"நான் ஒண்ணும் சொல்லலையே அக்கா. இங்கே காத்து நன்னா வரது"ன்னாரு அவரு.

அந்தம்மா மோசமான பொம்பளை இல்ல, பாத்துக்கிடுங்க. கண்ணு கலங்கித்தான் இருந்துது. ஆனா மோரை ஒசரத்துல இருந்துதான் விட்டா.

அவரு தலையக் குனிஞ்சு தின்னாரு. ஒரு சத்தம் இல்ல. பசு அசை போடுகதுதான் கேட்டுச்சு.

அன்னைக்கு இருந்து அதுதான் அவரு எடம். விசேஷம்னா கூப்பிட மாட்டாங்க. யாரு வீட்டுப் பந்தியிலயும் அவருக்கு இலை கெடையாது. ஊரெல்லாம் அவரு தின்னுகதப் பாக்கும், கூட உக்காந்து தின்ன ஒரு ஆளு இல்ல. நானா? நான் வண்டிக்கு அந்தப் பக்கம் போயி மொகத்தத் திருப்பிக்கிட்டுத் தின்னுவேன். சாமி முன்னால நான் தின்னப்பிடாதுன்னு எங்க அப்பா சொல்லிக் குடுத்த மொறை. அவரு வா-ன்னு சொன்னதும் இல்ல. சொல்லியிருந்தாலும் நான் போயிருப்பேனோ என்னவோ, தெரியல.

ஒரே ஒரு தரம் அதப் பத்தி வாயத் தொறந்தாரு. நெடுமங்காட்டுல இருந்து கிழங்கு ஏத்திக்கிட்டு வாறோம். மயிலை வழக்கம் போல நின்னுட்டுது. அது கெளம்புறவரை உக்காந்துருக்கோம்.

"மருமாளுக்கு வரன் அமைஞ்சுடுத்து"ன்னாரு. அக்கா மகளத்தான் அவரு மருமாள்னு சொல்லுகது. கைக்கொழந்தையில இருந்து தூக்கி வளத்தவரு.

"நல்ல காரியம் சாமி."

"கல்யாணம்னா கூப்பிடுவா. தாய்மாமன் இல்லாம ஒரு கல்யாணப் பந்தி உண்டோ? சும்மா வீட்டுல தள்ளி வெக்கறது வேற, நாலு பேர் நடுவுல தள்ளி வெக்கறது வேற. அக்காவே இலை போட்டுடுவா, பாரு."

மாடு கெளம்பிட்டுது.

அதுக்கிடையில அக்கிரகாரத்துலயும் பஞ்சம் வந்துட்டுது. கொஞ்சம் நாளு தாக்குப் பிடிச்சாங்க. அடுப்ப எரிச்சுப் பொகைய மட்டும் விட்ட வீடு உண்டும்னு கேள்வி, நான் பாக்கல. நான் பாத்தது என்னன்னா, ஒரு நாள் ஊடுவழியில வண்டிய நிறுத்திருக்கேன், ஒரு மாமி கொல்லைக் கதவ அரையாத் தொறந்து, "ஏம்ப்பா, ரெண்டு கிழங்கு போட்டுட்டுப் போ. முன் பக்கம் வராதே"ன்னா. அடுத்த வாரம் பக்கத்துக் கொல்லை. பெறகு வரிசையா. ஒவ்வொரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்குத் தெரியாதுன்னு நெனைப்பு. அவரு அக்கா வீடும் சேத்தி. கதவச் சாத்திக்கிட்டுத் தின்னாங்க. பசி யாருக்குத்தான் இல்ல.

நான் அவருகிட்டச் சொன்னேன்: "சாமி, அம்பிட்டு வீட்டுலயும் எறக்கியாச்சு. இப்ப யாரு யாரத் தள்ளி வைக்க?"

அவரு சிரிச்சாரு. "அவா உள்ளே சாப்பிடறா. நான் வெளியில சாப்பிட்டேன். கிழங்குல என்ன இருக்கு."

கல்யாணம் வந்துது. தெருவ அடைச்சுப் பந்தல். சம்பந்தி வீட்டு ஆளுக திருநெல்வேலிப் பக்கம். எதிர்பாத்தத விடக் கூட்டம். அரிசிக்குக் கட்டுப்பாடு, கிட்டினது பாதிப் பேருக்குக் கூடக் காணாது. கல்யாணத்துக்கு முந்தின நாளு அத்திம்பேரு, அதான் அவரு அக்கா வீட்டுக்காரரு, நாங்க முனிசிப்பாலிட்டி நெலத்துல ஆத்தங்கரையில கிழங்கு பறிச்சுக்கிட்டு நிக்கோம், அங்ஙன நேரா வந்தாரு. அந்த மனுஷன் அவருகிட்டப் பேசி எத்தன காலம் ஆச்சு.

"மானம் போயிடும்போல இருக்குடா. நீதான் ஏதாவது வழி பண்ணணும்"னாரு.

இவரு கையில இருந்த மண்ணத் தட்டினாரு. தட்டிக்கிட்டே இருந்தாரு. "நான் பாத்துக்கறேன் அத்திம்பேர். நீங்க போய் மத்த காரியத்தப் பாருங்கோ"ன்னாரு. அத்திம்பேரு போன பெறகு இவரு என்னப் பாத்து, "சொன்னேனோ இல்லியோ"ன்னாரு. அவரு மொகம் அப்படி வெளிச்சமா நான் அதுக்கு முன்னயும் கண்டதில்ல, பின்னயும் கண்டதில்ல.

விடிஞ்சதும் கிழங்கக் கொண்டு எறக்கினோம். பந்தலுக்குப் பொறத்தால உக்காந்து அவரு தோல உரிச்சு, அரிசி மாதிரிப் பொடிசு பொடிசா அரிஞ்சாரு. அடுப்பத் தொட விடல, சமையல்காரங்க வேக வச்சாங்க, இவரு தூர நின்னு பக்குவம் சொன்னாரு. வேக வச்சு வடிச்சு, இருக்குற சோத்தோட கலந்து, தேங்காயும் கறிவேப்பிலையும் தாளிச்சுப் போட்டா பாதிக்குப் பாதி. மாலை மாத்துகப்ப பொண்ணத் தாய்மாமன் தோள்ல தூக்கணும்லா, அதுக்குத் தூரத்துல உள்ள வேற ஒரு மாமனக் கூப்பிட்டுட்டாங்க. மேளச் சத்தம் கேட்டுச்சு. இவரு அருவாமணையில இருந்து எழும்பாம, "பந்திக்கு நேரமாயிடுத்து, நறுக்கி முடிக்கணும்"னாரு.

மொதப் பந்தி உக்காந்துது. ரெண்டு வரிசை, மொகத்துக்கு மொகம் பாத்து. சம்பந்தி வீட்டு ஆளுகதான் முழுக்க. நான் பந்தலுக்கு வெளிய வண்டிகிட்ட நிக்கேன், எல்லாம் தெரியுது. பரிமாறி ஆச்சு. இலையச் சுத்தித் தண்ணி விட்டாச்சு. ஒரு பெரியவரு சோத்த வெரல்ல நசுக்கிப் பாத்துட்டு, "என்ன ஓய் இது, சாதத்துல?"ன்னாரு.

அத்திம்பேருக்குச் சொல்லாம முடியல. சொன்னாரு.

ஒருத்தர் கையும் அசையல. பெரியவரு கைய எடுத்து மடியில வச்சுக்கிட்டாரு. அவரு வாய் வைக்கல, அதனால மத்தவங்களும் வைக்கல. சோறு ஆறிக்கிட்டு இருக்கு. கல்யாண வீட்டுல பந்தி தின்னாம எழும்பிட்டுதுன்னா அந்தப் பொண்ணு கெதி என்ன? அத்திம்பேரு நாலு பக்கமும் பாத்தாரு. பெறகு பொறத்தால பாத்தாரு.

"டேய், வாடா. வந்து உக்காரு"ன்னாரு.

இவரு கையக் கழுவிட்டு, அங்கவஸ்திரத்த ஒதறிப் போட்டுக்கிட்டு வந்தாரு. வரிசையில ஒரு மூலையில எடம் இருந்துது. அதப் பாத்துத்தான் நடந்தாரு, நான் பாத்தேன். அதுக்குள்ள யாரோ, "அங்கே வேண்டாம், எல்லாருக்கும் தெரியற மாதிரி நடுவுல போடுங்கோ"ன்னாங்க. ரெண்டு வரிசைக்கும் நடுவுல, ஆளு நடக்குற வழியில, தனியா ஒரு இலை விழுந்துது.

ஒரு கணம் நின்னாரு. உக்காந்தாரு.

சாலையில தின்னுக மாதிரித்தான் தின்னாரு. உருண்டைய ஒசத்திக் காட்டினாரு. சத்தம் பந்தலுக்கு வெளிய எனக்குக் கேட்டுச்சு. "பேஷா இருக்கு"ன்னாரு. பெரியவரு கொஞ்ச நேரம் பாத்துட்டு ஒரு வாய் வச்சாரு. பெறகு என்ன, பந்தி முழுக்கத் தின்னுச்சு, ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னுச்சு. பரிமாறுகவங்க இந்த வரிசைக்கும் அந்த வரிசைக்கும் ஓடினாங்க. நடுவுல உள்ள இலையத் தாண்டித் தாண்டி ஓடினாங்க.

பந்தி முடிஞ்சு எலை எடுத்தாச்சு. அவரு அங்ஙனயே உக்காந்துருந்தாரு. அக்கா உள்ள இருந்து வந்தா.

"எழுந்திரேண்டா, அடுத்த பந்திக்கு எலை போடணும்"னா. பெறகு கொஞ்சம் தயங்கி, "இதுலயும் புதுசா வந்தவா இருக்கா. நீயும் உக்காந்துடு. அதே எடத்துல"ன்னா.

உக்காந்தாரு. அதுக்கு அடுத்ததுலயும் உக்காந்தாரு. வயிறு என்ன வயிறு, ஒல்லி மனுஷன். ஒவ்வொரு பந்திக்கும் மொத உருண்டைய அவருதான் ஒசத்தினாரு, "பேஷா இருக்கு"ன்னாரு. கல்யாணம் தப்பிச்சுது. சம்பந்தி வீட்டுல ஒரு கொறை சொல்லல. அந்தப் பொண்ணு நல்லா வாழ்ந்ததாத்தான் கேள்வி.

கடைசிப் பந்தி வீட்டு ஆளுகளுக்கு. அக்கா, அத்திம்பேரு, அவங்க மக்கமாரு, சித்தப்பன் பெரியப்பன், பொண்ணும் மாப்பிள்ளையும். எல்லாரும் கலகலன்னு பேசிக்கிட்டு உக்காந்தாங்க. ஆளு நடக்குற வழியில இலை விழல. வரிசையிலயும் விழல. வீட்டு ஆளுகளுக்குத் தின்னு காட்ட என்ன இருக்கு? அவங்க மாசக்கணக்கா கதவச் சாத்திக்கிட்டு அதத்தான தின்னாங்க. இலையில விழுந்த ஒடனே பெசஞ்சு தின்னாங்க.

அவரு பந்தக்காலப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. அக்கா நிமுந்து பாத்தா.

"நோக்கு இனிமே பசிக்காது, இல்லியோடா?"ன்னா.

"இல்லக்கா. மூணு பந்தி சாப்பிட்டாச்சே"ன்னாரு.

வண்டிகிட்ட வந்தாரு. பானையும் சாக்கும் நான் ஏத்தி வச்சிருந்தேன், மாட்டையும் பூட்டியாச்சு. கெளம்பலாமா சாமின்னு கேட்டேன்.

"செத்த இரு"ன்னாரு.

பந்தியில இருக்கப்பட்டவங்க எல்லாரும் தின்னு தீருகதுக்கு முன்ன ஒருத்தர் எழும்பிப் போகப்பிடாதுன்னு அவங்க ஜாதியில ஒரு மொறை உண்டும். கடைசி ஆளு மோர் சோறு தின்னு முடிக்கிறவரைக்கும் அவரு எங்கயும் நவுரல. வண்டி மூக்கணையில ஒரு கைய வச்சுக்கிட்டு நின்னாரு. அவங்க எழும்பினாங்க. அதுக்குப் பெறகுதான் வண்டியில ஏறினாரு.